பாசி தின்னும் மீன்: எங்கள் கிணற்றுத் தண்ணீருக்கு எது சரிவரும்?

யாழ்ப்பாணத்தில் செடி வைத்த மீன் தொட்டி வைத்திருக்கும் யாரோடு கதைத்தாலும் ஐந்து நிமிடத்தில் கதை பாசிக்கு வந்துவிடும். கடைக்குப் போய் "பாசி பிடிக்குது" என்றால் பொலித்தீன் பையில் இரண்டு மீனைக் கட்டித் தருவார்கள். "அண்ணை, இதில ரெண்டு விட்டாக் காணும், தொட்டி பளிங்கு மாதிரி இருக்கும்." அந்த மீன் எந்தப் பாசியைத் தின்னும், எவ்வளவு வளரும், எங்கள் தண்ணீரில் எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்று எதுவும் கேட்காமல் நானும் வாங்கி வந்திருக்கிறேன். கொண்டாவிலில் என் வீட்டு விறாந்தையில் இருக்கும் இரண்டடித் தொட்டியில் அப்படி வந்து செத்த மீன்களை நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாப் பாசியையும் தின்னும் மீன் என்று ஒன்று கிடையாது. சில பாசியை மீன் தின்னும், சிலவற்றை நத்தையும் இறாலும் தின்னும், இரண்டொன்றை எதுவுமே தொடாது. ஆகவே மீனைத் தெரிவு செய்யுமுன் தொட்டியில் இருப்பது எந்தப் பாசி என்று பார்க்க வேண்டும். கீழே அறிகுறிப்படி பிரித்திருக்கிறேன். உங்களுடையது எதுவோ அதற்கு நேரே போகலாம். ஆனால் அடுத்துவரும் தண்ணீர்ப் பகுதியை மட்டும் வாசித்துவிட்டுப் போங்கள். அது இல்லாமல் மற்றவை பிடிபடாது.

சிறிய தொட்டி என்று நான் சொல்வது 60 × 30 × 30 சென்ரிமீற்றர் தொட்டியை. கணக்கில் 54 லீற்றர் வரும். மண்ணும் கல்லும் போட்டு, மேலே கொஞ்சம் இடமும் விட்டால் உள்ளே நிற்பது ஏறக்குறைய 45 லீற்றர்தான்.

எந்தப் பாசி என்றாலும் முதலில் தண்ணீர்

குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல். கேத்தலின் அடியில் படியும் வெள்ளைக் காறலை எல்லோரும் பார்த்திருப்போம். அந்தக் கல்லுக்குள்ளால் வரும் கிணற்றுத் தண்ணீர் வன்னீர். காரப் பக்கம் சாய்ந்தது. கரையோரக் கிணறென்றால் சவரும் சேரும். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறோம் அல்லவா, கரையோர வீட்டுக் கிணறுகளிலும் கோடை முற்றும்போது நடப்பது அதைப் போன்றதுதான். மாரியில் நன்றாக இருந்த தண்ணீர் ஆவணியில் சவராகிவிடும். தொட்டிக்கு ஊற்றும் தண்ணீரை மாரியில் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் சோதிக்கச் சொல்வது இதனால்தான்.

இதைவிடப் பெரிய விஷயம் நைத்திரேற்று. வலிகாமத்துத் தோட்டங்களில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் உருளைக்கிழங்குக்கும் இடுகிற உரம் செம்பாட்டு மண்ணூடாகக் கீழே இறங்குகிறது. மலசலகூடக் குழிகளில் இருந்தும் வருகிறது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் அதற்கு மேல் இருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. குடிப்பதற்கே கவலைப்பட வேண்டிய அளவு. தொட்டியிலோ அது பாசிக்கு நேரடி உரம்.

"பாசி வந்தால் தண்ணீரை அடிக்கடி மாற்று" என்ற அறிவுரை இங்கே பிழைத்துப் போவது இதனால்தான். கிணற்றிலேயே 50 இருந்தால் வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கை மாற்றியும் தொட்டியின் அளவு அதற்குக் கீழே இறங்காது. நான் இரண்டு வருடம் விடாமல் மாற்றினேன். ஒவ்வொரு முறையும் பாசிக்குப் பசளை போட்டிருக்கிறேன் என்பது நைத்திரேற்று அளக்கும் சோதனைப் பட்டியை ஒருநாள் வாளித் தண்ணீரிலும் நனைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நீங்களும் இரண்டையும் நனைத்துப் பாருங்கள், தொட்டியையும் கிணற்றையும். கிணறு 20க்குக் கீழே என்றால் பயப்படாமல் ஊற்றலாம். 40க்கு மேலே என்றால் சரிபாதி மழைத்தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ (உப்பை வடித்தெடுத்த தண்ணீர்) கலந்து ஊற்றுங்கள். நைத்திரேற்றும் வன்மையும் ஏறக்குறையப் பாதியாகும். மழைத்தண்ணீரைத் தனியே ஊற்ற வேண்டாம். அதில் கனியுப்பு இல்லை, பி.எச். நிலையாக நிற்காது, நத்தையின் ஓடும் கரையும்.

மழைத்தண்ணீர் பிடிப்பதென்றால் முதல் இரண்டு மழையைக் கூரை கழுவ விட்டுவிடுங்கள். பீப்பாவின் வாயை நுளம்பு வலையால் இறுக்கிக் கட்டுங்கள். மாரியில்தான் இங்கே டெங்கு கூடும். மீனுக்காகச் சேர்த்த தண்ணீர் அயலுக்கு நோயாகக் கூடாது.

மற்ற இரண்டும் வெளிச்சமும் வெப்பமும். லைட்டை ரைமரில் போட்டு நாளுக்கு ஆறு மணி நேரம், செடி நன்றாகப் பிடித்த பிறகு எட்டு. யன்னல் வெயில் ஒரு மணி நேரம் பட்டாலும் தொட்டியை நகர்த்துங்கள். வெப்பத்தைப் பற்றி மீன்களோடு சேர்த்துச் சொல்கிறேன். சித்திரையில் தொட்டித் தண்ணீர் 30 பாகை செல்சியஸைத் தாண்டுவது இங்கே சாதாரணம். மீன் தெரிவில் பாதியை அதுவே முடிவு செய்துவிடும்.

கண்ணாடியின் மேல்விளிம்பில் வெள்ளைக் கோடு

இது பாசியே இல்லை. தண்ணீர் ஆவியானபின் ஒட்டிக்கொண்ட சுண்ணாம்பு. எந்த மீனும் இதைத் தின்னாது. தண்ணீரை இரண்டு விரல் இறக்கிவிட்டு, பாதியாக வெட்டிய தேசிக்காயால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்துவிட்டு நிரப்புங்கள். ஆவியாகிக் குறையும் தண்ணீரை மட்டும் மழைத்தண்ணீரால் ஈடுசெய்தால் கோடு மெதுவாகத்தான் வரும். அப்போது தனி மழைத்தண்ணீர் பிழையில்லை, ஏனென்றால் உப்பு உள்ளேயே நிற்கிறது, போனது தண்ணீர் மட்டும்தான்.

விரலால் தொட்டால் வழிந்துபோகும் மண்ணிறத் தூள்

புதுத் தொட்டியில் இரண்டாம் கிழமையில் இருந்து இரண்டாம் மாதம் வரை வருவது. இவை தயத்தம் எனப்படும் நுண்பாசிகள். சிலிக்காவால் தமக்கு ஓடு கட்டிக்கொள்பவை. செடி வேர்பிடித்து, பில்ரரில் நல்ல பக்டீரியா பெருகியதும் தாமாகக் குறைந்துவிடும். பழைய பிரஷ்ஷால் இலையைத் தடவிவிட்டு, குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தால் போதும்.

பலர் பிழை விடும் இடம் இதுதான். மண்ணிறப் பாசிக்கு ஒட்டோ மீன் நல்லது என்று எங்கோ வாசித்துவிட்டு ஆறு ஒட்டோ வாங்குகிறார்கள். ஒட்டோ இதை ஆசையாகத் தின்னும் என்பது உண்மை. ஆனால் மாதம் முடியப் பாசியும் முடிந்துவிடும், பிறகு அந்த மீன் பட்டினி கிடக்கும். பொறுமை இல்லையென்றால் இரண்டு நெரைற் நத்தை விடுங்கள்.

சுரண்டினாலும் போகாத பச்சைப் புள்ளி

கண்ணாடியிலும் அனுபியாஸ் போன்ற மெதுவாக வளரும் செடியின் பழைய இலைகளிலும் குண்டூசித் தலையளவு கடும் பச்சைப் புள்ளிகள். வெளிச்சம் கூடினதும், செடிக்குப் பொசுபேற்று குறைந்ததும் காரணமாக இருக்கும். மீன்களின் வாய் இதற்குப் போதாது, சக்கர் மீனும் தோற்றுப்போகும். கண்ணாடியை பிளேற்றால் சுரண்டுங்கள், புள்ளி நிறைந்த கிழட்டு இலையை வெட்டி எறியுங்கள்.

இதைத் தின்னும் உயிர் நெரைற் நத்தை ஒன்றுதான் என்று சொல்லலாம். எங்கள் தண்ணீருக்கு அதைவிடப் பொருத்தமான உயிரை நான் காணவில்லை. மென்னீரில் அதன் ஓடு அரிக்கும். இங்கே ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பு வேண்டுமட்டும் இருக்கிறது. 20 லீற்றருக்கு ஒன்று போதும். வெள்ளை எள்ளுப் போல முட்டைகளைக் கல்லிலும் மரக்கட்டையிலும் ஒட்டிவைக்கும், பார்க்க வடிவில்லை. ஆனால் அதன் குஞ்சுகள் உவர்நீரில்தான் வளரும் என்பதால் நன்னீர்த் தொட்டியில் பெருகாது. மூடி இல்லாத தொட்டியில் இருந்து இரவில் ஏறி வெளியே விழும், காலையில் நிலத்தைப் பாருங்கள். கடனீரேரிக் கரையில் பொறுக்கிய நத்தையை வீட்டுத் தொட்டியில் போட வேண்டாம். திடீரென்று நன்னீருக்கு வந்தால் செத்து நாறும்.

செடியில் சுற்றிய பச்சை நூல்

தலைமுடி போல நீண்டு, பிரஷ்ஷைச் சுழற்றினால் பஞ்சு மிட்டாய் போலச் சுற்றி வரும். நைத்திரேற்று நிறைந்த எங்கள் தண்ணீரில் அடிக்கடி வருவது இதுதான். முதலில் கையால் முடிந்தளவு எடுத்துவிடுங்கள். ஒரு முழத் தொட்டி நிறைந்த நூலை எந்த மீனும் தின்று தீர்க்காது. மிச்சத்தைத் திரும்ப வளராமல் பார்க்கத்தான் மீன். கூடவே வேகமாக வளரும் செடியும் வேண்டும். வலிஸ்னேரியா, ஹோர்ன்வோர்ட் இரண்டும் வன்னீரை விரும்புபவை. பாசியின் சாப்பாட்டை முந்திக்கொண்டு எடுத்துவிடும்.

மீன் என்றால் என் தெரிவு மொலி. விலை குறைந்தது, எங்கும் கிடைப்பது, அதனாலேயே பலர் மதிப்பதில்லை. மொலி வன்னீரில்தான் செழிக்கும், கொஞ்சம் சவரையும் தாங்கும், 30 பாகை வெப்பத்திலும் துவளாது. நாள் முழுக்க இலையையும் கல்லையும் கொத்திக்கொண்டே இருக்கும். இளம் நூல் பாசியும் மேற்பரப்பில் படியும் எண்ணெய்ப் படலமும் அதன் சாப்பாடு. கொழும்பில் இருந்து எட்டு மணி நேரம் பஸ்ஸில் வந்து இறங்கும் மென்னீர் மீனுக்கும், எங்கள் கிணற்றுத் தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்த மொலிக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டே கிழமையில் காணலாம்.

45 லீற்றருக்கு கறுப்பு மொலி மூன்று, ஓர் ஆண், இரண்டு பெண். அதற்கு மேல் வேண்டாம். செயில்பின் மொலி 10 சென்ரிமீற்றரைத் தாண்டி வளரும், அது பெரிய தொட்டிக்குரியது. மாதத்துக்கு ஒருமுறை குஞ்சு போடும் என்பதை முன்கூட்டியே யோசியுங்கள். குஞ்சு வேண்டாம் என்றால் மூன்றும் பெண்ணாக வாங்கலாம், ஆனால் கடையில் ஆணோடு இருந்த பெண் சில மாதம் வரை குஞ்சு போட்டுக்கொண்டுதான் இருக்கும். சாப்பாட்டை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்கள். வயிறு நிறைந்த மொலி பாசி பக்கம் திரும்பாது.

செரி இறாலும் நூலைத் தின்னும். பத்துப் பதினைந்து வாங்கினால் சில மாதத்தில் பெருகிவிடும். வன்னீர் அதற்குப் பிரச்சினையில்லை, வெப்பம்தான் பிரச்சினை. அதைக் கடைசிப் பகுதியில் பாருங்கள். மொலி பெரிய இறாலை ஒன்றும் செய்யாது, குஞ்சு இறாலைத் தின்றுவிடும். ஜாவா மொஸ் என்ற செடி அடர்த்தியாக இருந்தால் கொஞ்சம் தப்பும்.

கறுப்புத் தாடி

இலை ஓரத்திலும் பில்ரர் வாயிலும் மரக்கட்டையிலும் கறுப்பாக, மூக்குப்பொடி நிறத்தில், குஞ்சம் குஞ்சமாக நிற்கும். இழுத்தால் வராது. கறுப்பாகத் தெரிந்தாலும் இது செம்பாசி இனம். ஓர் இலையை வெட்டி ஸ்பிரிற்றில் போட்டுப் பாருங்கள், சிவந்துவிடும். அப்படிச் சிவந்தால் சந்தேகமில்லை.

அடியில் அழுகல் சேர்வதும், பில்ரர் அடைபட்டு நீரோட்டம் குறைவதும், காபனீரொட்சைட்டு அளவு ஏறி இறங்குவதும் இதற்குக் காரணங்கள். அலங்காரத்துக்குப் போட்ட முருகைக்கல்லையும் சிப்பியையும் வெளியே எடுங்கள். ஏற்கெனவே வன்னீர், அதில் இன்னும் சுண்ணாம்பு கரைந்தால் செடி சோர்ந்துபோகும். சோர்ந்த இலையில்தான் தாடி முளைக்கும். பில்ரர் பஞ்சைத் தொட்டியில் இருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள், அதிகம் பிடித்த இலையை வெட்டுங்கள்.

மிச்சத்துக்கு பார்மசியில் கிடைக்கும் ஐதரசன் பெரொக்சைட். 3 வீதக் கரைசல் என்றால் 45 லீற்றருக்கு ஒருநாளில் 10 மில்லிலீற்றருக்கு மேல் வேண்டாம். போத்தலில் 6 வீதம் என்று போட்டிருந்தால் அளவை அரைவாசியாக்குங்கள். லேபிளை வாசிக்காமல் ஊற்றக் கூடாது. பில்ரரை நிறுத்தி, சிறிஞ்சால் தாடியின் மேலேயே மெதுவாக விட்டு, பத்து நிமிடம் பொறுத்துத் திரும்பப் போடுங்கள். இறால் இருந்தால் முதல் நாள் பாதியளவோடு தொடங்குங்கள். இரண்டு மூன்று நாளில் தாடி இளஞ்சிவப்பாகிப் பிறகு வெளிறும். வெளிறிய தாடியை இறாலும் மொலியும் தின்னும். உயிரோடு இருக்கும்போது அவை தொடுவது குறைவு.

உயிருள்ள தாடியைத் தின்பதில் பெயர்பெற்ற மீன் ஒன்று இருக்கிறது, சயாமீஸ் அல்ஜி ஈற்றர். பெயரைக் கேட்டதும் கடைக்கு ஓட வேண்டாம். அது 12, 14 சென்ரிமீற்றர் வளரும், நீட்டுக்கு நீந்தும், மூடியில்லாவிட்டால் பாயும். இரண்டடித் தொட்டி அதற்குக் கூடு. மூன்றரை, நாலடித் தொட்டி உள்ளவர்கள் வாங்கலாம், அதுவும் அடையாளம் தெரிந்து. கடையில் அந்தப் பெயரில் மூன்று வேறு மீன்கள் இருக்கும். உண்மையான சயாமீஸில் உடம்பின் கறுப்புக் கோடு வாலின் நுனிவரை ஓடும், கோட்டின் ஓரம் அரம் போல நெளிந்திருக்கும், செட்டைகள் நிறமற்றவை. கோட்டுக்கு மேலே பொன்னிறக் கோடு தெளிவாக ஓடி, செட்டையில் நிறம் இருந்தால் அது பிளையிங் பொக்ஸ். தாடியில் அவ்வளவு ஆர்வம் இல்லாதது, பெருத்தபின் மற்ற மீன்களைத் துரத்துவது. வாய் கீழ்நோக்கிய உறிஞ்சியாக இருந்து கண்ணாடியில் ஒட்டியே கிடந்தால் அது சைனீஸ் அல்ஜி ஈற்றர். அதன் கதையைக் கீழே சொல்கிறேன்.

நீலப்பச்சைச் சவ்வு, கிளறினால் நாற்றம்

மண்ணின் மேல் வழுவழுப்பான விரிப்பு, ஒரு மூலையில் தூக்கினால் தோல் போல உரிந்து வரும். இது பாசியல்ல, பக்டீரியா. எந்த மீனும் நத்தையும் இதைத் தின்னாது, இதற்காக ஒன்றும் வாங்க வேண்டாம். முழுவதையும் குழாயால் உறிஞ்சி எடுத்து, தொட்டியைக் கறுப்புத் துணியால் மூன்று நாள் முழுக்க மூடி, அந்த மூலையில் நீரோட்டம் படும்படி பில்ரர் வாயைத் திருப்புங்கள். நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையைப் பொடித்துப் போடச் சொல்பவர்கள் உண்டு. போடாதீர்கள், பில்ரரில் உள்ள நல்ல பக்டீரியாவும் அதோடு போய்விடும்.

தண்ணீரே பச்சை

மிதக்கும் நுண்பாசி. மீன் தின்னாது. வெயிலும் அமோனியாவும் சேர்ந்தால் வரும். 2022 பங்குனியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தபோது என் பில்ரர் நின்று நின்று அதில் இருந்த பக்டீரியா செத்து, ஒரு கிழமையில் தொட்டி பச்சைக் கரைசலாகிவிட்டது. அப்போது செய்தது இதுதான்: சாப்பாட்டை நிறுத்தினேன், மூன்றரை நாள் துணியால் மூடினேன், திறந்ததும் பாதித் தண்ணீரை மாற்றினேன். காரப் பக்கம் சாய்ந்த சூடான தண்ணீரில் அமோனியாவின் நஞ்சு பல மடங்கு கூடும் என்பதால் எங்களுக்கு இந்த நேரத்தில் சாப்பாட்டை நிறுத்துவது மிக முக்கியம். மீன் நாலு நாள் பட்டினியைத் தாங்கும்.

வாங்கிய மீன் பாசியைத் தொடவே இல்லை

முதலில் சாப்பாட்டு டப்பாவைப் பாருங்கள். அநேகமாகக் காரணம் அதுதான். மூன்று நாள் ஒன்றும் போடாதீர்கள். அதற்குப் பிறகும் தொடவில்லையென்றால் பாசி வகை அந்த மீனுக்குரியது அல்ல.

ஒட்டோவின் வயிறு ஒட்டி, ஒவ்வொன்றாகச் சாகிறது

எனக்கு மிகவும் வலித்த பாடம் இது. ஒட்டோ 4 சென்ரிமீற்றர் அழகான மீன், செடியைச் சேதப்படுத்தாது, சிறிய தொட்டிக்கென்றே படைத்தது போல இருக்கும். தென்னமெரிக்காவின் மென்னீர் ஓடைகளுக்குரியது. கடைக்கு வருபவற்றில் பெரும்பகுதி அங்கே காட்டில் பிடிக்கப்பட்டவை. பிடித்த நாளில் இருந்து எங்கள் கைக்கு வரும்வரை அவற்றுக்கு ஒழுங்கான சாப்பாடு கிடைப்பதில்லை. குடலில் உள்ள நுண்ணுயிர்கள் செத்தபின் பாசி தின்றாலும் செரிக்காமல் மெலிந்து சாகும். நான் ஆறு விட்டேன். பதினாறாம் நாள் ஒன்றுமில்லை.

இணையத்தில் எல்லோரும் ஒட்டோவையும் அமானோ இறாலையும் பரிந்துரைப்பதற்கு ஒரு பின்னணி உண்டு. செடித் தொட்டிக் கலையை உலகுக்குப் பரப்பிய தக்காஷி அமானோ (1954–2015) பாசி தின்ன அந்த இறாலைப் பயன்படுத்தினார், அவரது பெயரே அதற்கு நிலைத்தது. ஜப்பானின் தண்ணீர் பெரும்பாலும் மென்னீர், அறையும் குளிர்மை. அந்த ஆலோசனையில் பிழையில்லை, எங்கள் சுண்ணாம்புத் தண்ணீருக்கும் சித்திரை வெயிலுக்கும் அது எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

அப்படியும் ஒட்டோ வைக்க ஆசை என்றால் ஆறு மாதம் கடந்த தொட்டி, 28 பாகையைத் தாண்டாத அறை, பாதி மழைத்தண்ணீர் மூன்றும் வேண்டும். கடையில் கீழிருந்து வயிற்றைப் பாருங்கள், உருண்டிருக்க வேண்டும். இறக்குமதியாகி இரண்டு கிழமை கடையிலேயே தாக்குப்பிடித்ததை மட்டும் வாங்குங்கள். வீட்டில் பையில் இருந்து தொட்டிக்கு மாற்றும்போது மெல்லிய குழாயால் சொட்டுச் சொட்டாக இரண்டு மணி நேரம் தண்ணீரைச் சேருங்கள். அவித்த பூசணித் துண்டை முதல் நாள் இரவே போடுங்கள்.

இரவில் மற்ற மீன்களின் உடம்பில் ஒட்டுகிறது

அது சைனீஸ் அல்ஜி ஈற்றர். பெயரில் சீனா இருந்தாலும் தென்கிழக்காசிய ஆறுகளின் மீன். குட்டியாக இருக்கும்போது உண்மையாகவே பாசி தின்னும், அதனால்தான் விற்பனையாகிறது. வளர வளரப் பாசியை விட்டுவிட்டு, தட்டையான உடம்புள்ள மீன்களில் ஒட்டி அவற்றின் வழுவழுப்பை உறிஞ்சும். காலையில் ஏஞ்சல் மீனின் பக்கவாட்டில் வட்டமான சிவந்த தழும்பு கண்டால் இதுதான் காரணம். 25 சென்ரிமீற்றருக்கு மேலும் வளரும். ஒரு கடையில் எனக்கு இதைச் சயாமீஸ் என்று சொல்லித் தந்தார்கள். விற்றவருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்கவில்லை என்றே நினைக்கிறேன். உடனே பிரித்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பழகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம்.

சக்கர் பெருத்துவிட்டது

கடையில் விரல் நீளம், ஒரு வருடத்தில் சாண், பிறகு ஒரு முழம்வரை போகும். செடியை வேரோடு கிளப்பும், தின்பதைவிடக் கழிப்பது கூட, அந்தக் கழிவில் மேலும் பாசி. எந்தச் சிறிய தொட்டிக்கும் சக்கர் வேண்டவே வேண்டாம். அதே சாயலில், 12 சென்ரிமீற்றரோடு நிற்கும் பிறிசில்நோஸ் மூன்றடித் தொட்டிக்குச் சரி.

இப்போது வீட்டில் பெரிய சக்கர் இருந்தால் ஒரு வேண்டுகோள். ஆரியகுளத்திலோ வழுக்கையாற்றிலோ கோயில் கேணியிலோ விட்டுவிடாதீர்கள். இந்த இன மீன்கள் தொட்டிகளில் இருந்து வெளியேறி இலங்கையின் உள்நாட்டு நீர்நிலைகளில் ஏற்கெனவே பரவிவிட்டன. முள் நிறைந்த உடம்பு, வலையைக் கிழிக்கும். வாங்குவார் இல்லாததால் மீனவருக்கு நட்டம்தான். நுளம்புக் குடம்பியைத் தின்னக் கிணற்றில் கப்பி மீன் விடுவது வேறு, இது வேறு. கடைக்கே திருப்பிக் கொடுங்கள், அல்லது பெரிய சீமெந்துத் தொட்டி வைத்திருப்பவரைத் தேடிக் கொடுங்கள்.

"அப்படியென்றால் இலங்கை மீன் ஒன்றும் இல்லையா?" என்று கேட்பார்கள். இருக்கிறது. ஓடைகளில் கல்லில் ஒட்டிப் பாசி சுரண்டும் காரா சிலோனென்சிஸ் இந்தத் தீவுக்கு மட்டுமே உரியது. ஆனால் அது பாய்ந்தோடும், ஒட்சிசன் நிறைந்த தண்ணீரில் பிறந்தது. எங்கள் விறாந்தையின் சூட்டில் அதை அடைப்பதை நான் விரும்பவில்லை.

இறால்கள் காணாமல் போகின்றன

மூன்று காரணம் பார்க்க வேண்டும். முதலாவது வெப்பம். 30 பாகைக்கு மேலே செரி இறாலின் ஆயுள் குறையும், ஒட்சிசனும் குறையும். தண்ணீர் மேற்பரப்பில் படும்படி சின்ன விசிறி ஒன்றை வைத்தால் இரண்டு, மூன்று பாகை இறங்கும். ஆவியாகும் தண்ணீரை மழைத்தண்ணீரால் நிரப்புங்கள்.

இரண்டாவது செப்பு. மீன் மருந்துகள் சிலவற்றில் செப்பு இருக்கும், இறாலுக்கும் நத்தைக்கும் அது நஞ்சு. மருந்து போட வேண்டிய மீனை வாளியில் தனியே வைத்துப் போடுங்கள்.

மூன்றாவதைப் பலர் யோசிப்பதில்லை, பூச்சிநாசினி. சந்தையில் வாங்கிய கீரையை அவித்துப் போட்ட அன்றே என் இறால்கள் புரண்டன. அதன் பிறகு வீட்டு முற்றத்து முருங்கை இலை மட்டும்தான். நுளம்புச் சுருளும் மருந்துப் புகையும் இதே வகை. டெங்குக் காலத்தில் புகையடிக்க வருகிறார்கள் என்று தெரிந்தால் காற்றுப் பம்பை நிறுத்தி, தொட்டியின் மேலே பொலித்தீன் விரித்து, அதன்மேல் ஈரத்துவாயைப் போட்டு ஓரங்களை அமத்திவிடுங்கள். புகை போனதும் யன்னல்களை அகலத் திறந்து, விசிறியைப் போட்டு, மணம் முற்றாக அடங்கும்வரை மூடியபடியே விடுங்கள். பில்ரர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கட்டும். பிறகு துவாயை உள்பக்கமாகச் சுருட்டி எடுத்து, பொலித்தீனை வெளியே கொண்டுபோய் உதறி, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகுதான் பம்பைத் திரும்பப் போட வேண்டும்.